கோ பங்கானில் நான்கு இரவுகள்: இன்சுலின் போடும் கணவரை அழைத்துப் போகலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது, கணவருக்கு 31. மும்பை செம்பூரில் இருக்கிறோம். அவருக்குச் சிறு வயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை நோய். தினமும் இரவில் நீண்ட நேர இன்சுலின், சாப்பாட்டுக்கு முன் விரைவு இன்சுலின், இரண்டுமே பேனாவில். நவம்பரில் தாய்லாந்தின் கோ பங்கான் தீவில் நான்கு இரவு தங்கப் போகிறோம். அங்கே ஹாட் ரின் கடற்கரையில் விடிய விடிய நடக்கும் முழுநிலவு பார்ட்டிக்குப் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சில மாதங்களுக்கு முன் ஆபீஸ் பார்ட்டியில் குடித்துவிட்டு வந்து படுத்தவர், காலையில் எழுப்பியும் எழவில்லை. உடம்பெல்லாம் வியர்வை, மீட்டரில் 41. "கூல் டிரிங்க்ஸ் கலந்து குடித்தால் சுகர் ஏறும், அதனால் இன்சுலினைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டால் போதும்" என்கிறார். இது சரியா? அங்கே போவதே தப்பா? அந்த வெயிலில் இன்சுலின் கெட்டுப் போகாதா?

பதில்: போகலாம். டைப் 1 இருப்பதால் ஒருவர் கடலையும் பாட்டையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கணவர் போடும் அந்தக் கணக்கு ஆபத்தானது. அன்று காலை சர்க்கரை 41 வரை இறங்கியதற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம். ஊருக்குக் கிளம்பும் முன் அவர் இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

நாம் தூங்கும்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும், புதிதாகவும் தயாரிக்கும். மது உள்ளே போனதும் கல்லீரல் அதைச் சுத்தம் செய்வதில் இறங்கிவிடுகிறது. புதிய சர்க்கரை தயாரிப்பு பெரிதும் குறைந்துபோகும். அதோடு பார்ட்டியில் மணிக்கணக்கில் மணலில் ஆடியிருப்பார். ஆடி ஓய்ந்த தசைகள் ஏறக்குறைய ஒரு நாள் வரைகூட ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். இரவில் போட்ட நீண்ட நேர இன்சுலினும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். எனவே சர்க்கரை சரிவது குடிக்கும் நேரத்தில் அல்ல. படுத்த பிறகு, விடியற்காலையில், சில சமயம் மறுநாள் மதியம் வரைக்கும்கூட.

ஹாட் ரின்னில் விற்கும் பக்கெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சின்ன பிளாஸ்டிக் வாளியில் மது, கோலா, எனர்ஜி டிரிங்க் மூன்றையும் கலந்து நாலைந்து ஸ்ட்ராக்களைச் சொருகிக் கொடுப்பார்கள். எவ்வளவு மது இருக்கிறது என்று யாராலும் அளக்க முடியாது. கோலாவும் எனர்ஜி டிரிங்க்கும் சேர்ந்து இரவு ஒரு மணிக்கு மீட்டரில் 280, 300 என்று காட்டும். அதைப் பார்த்ததும் இன்சுலின் போடக் கை பரபரக்கும். அந்த நேரத்தில் வேண்டாம். அந்த ஏற்றம் இறங்கும் நேரமும், மது கல்லீரலைக் கட்டிப்போடும் நேரமும், போட்ட இன்சுலின் உச்சத்தில் வேலை செய்யும் நேரமும் ஒன்றாகக் கூடினால்தான் காலையில் 41 வருகிறது. சர்க்கரை இல்லாத சோடாவோடு குடிக்கட்டும், அல்லது பாட்டிலில் வரும் பீர். அளவு இரண்டோடு நிற்கட்டும். நடுவே சாதமோ நூடுல்ஸோ வயிறார ஒரு சாப்பாடு. எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள காஃபீன் போதையை உணர விடாது, படபடப்பு வேறு தரும். சர்க்கரை இறங்கும்போதும் முதலில் வருவது அதே படபடப்புதான், எது எதுவென்று தெரியாமல் போகும்.

நீண்ட நேர இன்சுலினை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. குடித்திருக்கிறோமே என்று பயந்து அதை நிறுத்தினால் இன்னொரு பக்கம், இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலம் ஏறும். அன்றைய அளவைக் கொஞ்சம் குறைக்கலாமா என்பதை அவரைப் பார்க்கும் நீரிழிவு மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் பங்கு. சர்க்கரை இறங்கியவர் தள்ளாடுவார், வார்த்தை குழறும், எரிந்து விழுவார். பார்க்கிறவர்கள் போதை என்று நினைத்து ஒதுங்கிப் போய்விடுவார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஆடும் அந்தக் கூட்டத்தில் வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அந்த ஒரு இரவு நீங்கள் குடிக்காமல் இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்ற மூன்று இரவுகளும் உங்கள் விருப்பம். அவர் நிலை சந்தேகமாக இருந்தால் வாக்குவாதம் செய்யாதீர்கள், விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், அல்லது சாதாரண கோலா அரை டம்ளருக்குச் சற்று மேல். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறிய பிறகு பிஸ்கட்டோ வாழைப்பழமோ. மாதுங்காவில் வாங்கிப் போகும் கடலை மிட்டாய் பையில் இருக்கட்டும், ஆனால் அவசரத்துக்கு அது உதவாது. கடலையில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும்.

படுக்கப் போகும்போது 150க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். அதன் பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை நீங்கள் அலாரம் வைத்து எழுந்து பாருங்கள். தோளில் ஒட்டும் சென்சார் வாங்க முடிந்தால், இந்தப் பயணத்துக்காவது வாங்குங்கள். இறங்கும்போதே உங்கள் போனில் சத்தம் எழுப்பும்படி வைத்துக்கொள்ளலாம். காலையில் அவர் "இன்னும் கொஞ்சம் தூங்குகிறேன்" என்று முனகினாலும் விடாதீர்கள். அளந்து பார்த்து, காலை உணவு கொடுத்து, பிறகு தூங்க விடுங்கள்.

எழுப்பியும் எழவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தாய்லாந்தில் மருத்துவ அவசர எண் 1669. இங்கே உங்கள் மருத்துவர் குளுக்ககான் ஊசி எழுதிக் கொடுத்தால் எடுத்துப் போங்கள், போடவும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அது கல்லீரலில் இருக்கும் கையிருப்பை வெளியே தள்ளும் மருந்து. மதுவும் ஆட்டமும் அந்தக் கையிருப்பைக் காலி செய்திருந்தால் ஊசி சரியாக வேலை செய்யாது. ஊசி போட்டாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

மறுநாள் வாந்தி வந்தால் வெறும் ஹேங்ஓவர் என்று ஒதுக்காதீர்கள். கீட்டோன் ஏறினாலும் வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு. மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்த சாராயம் குடித்தாலும் பல மணி நேரம் கழித்து அதே வாந்தி, அதே மூச்சு, கூடவே பார்வை மங்கல். 2015இல் நம் மாலாடு மால்வணியில் நூற்றுக்கும் அதிகமானவர்கள் இறந்தது மெத்தனாலால்தான். 2024இல் லாவோஸின் வாங் வியெங்கில் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்ததற்கும் காரணம் அதுவே. மூடி உடைக்காத பாட்டிலை உங்கள் கண்முன் திறந்து தருவது தவிர வேறெதையும் வாங்காதீர்கள். கீட்டோன் பார்க்கும் சிறுநீர்ப் பட்டைகளை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ கண் மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

இன்சுலின் விஷயத்துக்கு வருகிறேன். உபயோகத்தில் இருக்கும் பேனா 30 டிகிரிக்குள் இருந்தால் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். கடற்கரை மணலும் ஸ்கூட்டரின் சீட்டுப் பெட்டியும் அதைவிட எவ்வளவோ சூடு. தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஹோட்டல் அறையின் சின்ன பிரிட்ஜில் ஐஸ் பிடிக்கும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். ஒரு முறை உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். விமானத்தில் கைப்பைக்குள் மட்டுமே வையுங்கள். தேவையைப் போல இரண்டு மடங்கு எடுத்து, பாதியை அவர் பையிலும் பாதியை உங்கள் பையிலும். மருத்துவரின் கடிதத்தில் மருந்தின் மூலப்பெயர் இருக்கட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் குப்பி இன்சுலின் ஒரு மில்லியில் 40 யூனிட், அதற்கேற்ற 40 சிரிஞ்சு. வெளிநாடுகளில் பொதுவாக 100 யூனிட். பேனா தொலைந்து அங்கே குப்பி வாங்கினால் சிரிஞ்சும் அங்கேயே வாங்குங்கள். இங்கிருந்து கொண்டுபோன 40 சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

நேர வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான், அதற்காக அளவை மாற்றத் தேவையில்லை. நீங்கள் போவது நவம்பரில். சென்னையைப் போலவே அந்தப் பக்கமும் அப்போது மழைக்காலம், பக்கத்துத் தீவான கோ சமுயிலிருந்து போகும் படகு நன்றாக ஆடும். படகில் வாந்தி வரக்கூடியவர் என்றால் அன்று விரைவு இன்சுலினைச் சாப்பிடும் முன் போடாமல், சாப்பிட்டது வயிற்றில் தங்கிய பிறகு போடலாம். மணலில் வெறுங்காலோடு ஆட விடாதீர்கள், உடைந்த கண்ணாடி கிடக்கும். எரியும் கயிற்றைத் தாண்டும் விளையாட்டை நின்று பார்த்தால் போதும்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போதே அவருடைய நீரிழிவு மருத்துவரை இருவருமாகப் போய்ப் பாருங்கள். அந்த ஆபீஸ் பார்ட்டி இரவில் என்ன குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு இன்சுலின் போட்டார், சாப்பிட்டாரா என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். முழுநிலவு இரவில் எந்த இன்சுலினை எவ்வளவு போடுவது என்று மருத்துவர் கையால் எழுதி வாங்கி, போனில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.