ஒன்றரை எச்.பி.யும் ஒன்றரை டன்னும் ஒன்றா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஒருமாடித் தரைவீட்டில் குடியிருக்கிறோம். 14க்கு 12 அடி படுக்கையறைக்கு 1.5 எச்.பி. ஏர்கோன் போதும் என்கிறார் கடைக்காரர். சென்னையிலுள்ள என் அக்காவோ 1.5 டன்னுக்குக் குறைந்து வாங்காதே என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: கடைக்காரர் சொல்வதே உங்கள் அறைக்குப் பொருந்தும். இருவரும் ஒரே எண்ணைச் சொன்னாலும் அளவு வேறு.

டன் என்பது இயந்திரத்தின் எடையன்று. பனிக்கட்டியை வைத்துக் குளிரூட்டிய காலத்திலிருந்து வந்த அளவு. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகி முடிக்க எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுவே ஒரு டன் குளிரூட்டல். ஒரு பவுண்டு உருகுவதற்கு 144 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) தேவை என்பதால், இது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட் ஆகிறது. இந்தியாவில் ஏசி விற்பனையாவது இந்தக் கணக்கில்தான்.

நம் மலேசியாவில் புழங்கும் எச்.பி., அதாவது குதிரைத்திறன், மோட்டாரின் திறனிலிருந்து வந்த பெயர். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆனால் 1 எச்.பி. என்று விற்கப்படும் ஏர்கோன் மணிக்கு ஏறத்தாழ 9,000 பி.டி.யு., அதாவது 2,600 வாட்டுக்குச் சற்று அதிகமான வெப்பத்தை அறையிலிருந்து அகற்றுகிறது. ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே கடத்துகிறது. அதனால்தான் வாங்கும் மின்சாரத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான வெப்பத்தை அதனால் அகற்ற முடிகிறது. உண்மையில் இந்த எச்.பி. வெறும் கடைப் பேச்சு. 1.5 எச்.பி. என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் 12,000 பி.டி.யு.வும் இன்னொன்று அதைவிடக் கூடுதலாகவும் தரும். உங்கள் அக்கா சொல்லும் 1.5 டன் 18,000 பி.டி.யு.; இங்கே அது 2 எச்.பி.

உங்கள் அறை 168 சதுர அடி. சதுர அடிக்கு 60 பி.டி.யு. என்ற தோராயக் கணக்கில் சுமார் 10,000 வரும். மாலை வெயில் விழும் சுவரும் நேர்மேலே கூரையும் இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 12,000 என்று கொள்ளலாம். அதற்கு 1.5 எச்.பி. போதும்.

பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். பினாங்கின் ஈரக்காற்றில் அது நல்லதன்று: ஓடும் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வசதி இல்லாத பெரிய ஏர்கோன் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு, ஈரத்தைப் போதிய அளவு உறிஞ்சுமுன்பே கம்பிரசரை நிறுத்திவிடும், அறை சில்லென்று இருந்தும் பிசுபிசுப்பு போகாது. இன்வெர்ட்டர் வாங்குவதானால், விவரத்தாளில் குளிரூட்டும் திறனுக்கு எதிரே அதிகபட்சத்துடன் குறைந்தபட்ச பி.டி.யு.வும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறைந்தபட்ச எண் எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ, இரவில் அந்த அளவுக்கு நின்று நின்று ஓடாமல் சீராக ஓடும்.