வெறுங்குழாய் எங்கே?

கே: சுண்டெலியின் சிறுநீர்ப்பையில் எத்தனை கேண்டிடா பூஞ்சைச் செல்களைச் செலுத்த வேண்டும்? உடனே பதில் தேவை. (ஆய்வு மாணவர், சேலம்)

எந்தக் கேண்டிடா, எந்த வகைச் சுண்டெலி, எத்தனை நாள் சோதனை என்று எதையும் எழுதவில்லை. அவசரத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற இனம், பெண் சுண்டெலி என்று நானே வைத்துக்கொள்கிறேன். பத்து லட்சம் ஈஸ்ட் செல்களில் தொடங்குங்கள். அதைவிடக் கன அளவுதான் முக்கியம்: 50 மைக்ரோலிட்டரைத் தாண்டாதீர்கள். அந்தப் பை மூன்று நான்கு சொட்டுக்கு மேல் தாங்காது. வேகமாக அழுத்தினால் கரைசல் சிறுநீரகத்துக்கே ஏறிவிடும். பிறகு ‘தொற்று மேலேறியது’ என்று எழுதுவீர்கள். ஏற்றியது உங்கள் கட்டைவிரல்.

கே: ஆண் சுண்டெலியில் செய்யலாமா?

கைதேர்ந்தவர்களே தயங்குவார்கள், அதன் சிறுநீர்வழி நீளம், வளைவும் உண்டு. பெண்ணில் செய்யுங்கள். ஆனால் முடிவுரையில் ‘நோயாளிகள் அனைவருக்கும்’ என்று எழுதாதீர்கள்.

கே: வால் சிரையில் கேண்டிடா ஏற்றினோம். சிறுநீரகம் முழுக்கப் பூஞ்சை. இதைக் கதீட்டர் (சிறுநீர்ப்பையில் வைக்கும் குழாய்) தொற்றுக்கான சோதனை மாதிரி எனலாமா?

கூடாது. அது இரத்தத்திலிருந்து இறங்கும் நோய். உங்கள் சோதனையில் கதீட்டரே இல்லையே!

கே: குழாயுடன் பூஞ்சை, குழாய் இல்லாமல் பூஞ்சை என இரு குழுக்கள் வைத்தோம். முதல் குழுவில் அழற்சி மிக அதிகம். ‘பூஞ்சை இல்லாமல் குழாய் மட்டும் வைத்த வெறுங்குழாய்க் குழு எங்கே?’ என்று கேட்டு ஆய்விதழ் கட்டுரையைத் திருப்பிவிட்டது. அது அவ்வளவு அவசியமா? விலங்குகளைக் குறைக்கத்தானே சொல்கிறார்கள்? (முனைவர் பட்ட மாணவி, கோவை)

திருப்பியது நானாக இருந்தாலும் வியப்பில்லை. மதிப்பீட்டுக்கு எனக்கு வரும் கட்டுரைகளில் பாதியில் இதே ஓட்டை.

சிலிக்கோன் குழாய்த் துண்டு ஒன்றைப் பைக்குள் வைத்தாலே போதும், பூஞ்சை எதுவும் வேண்டாம். ஒரே நாளில் சுவர் வீங்கும், வெள்ளணுக்கள் வந்து குவியும், இரத்தத்தை உறைய வைக்கும் புரதமான ஃபைப்ரினோஜன் கசிந்து குழாயின் மேல் படியும். கேண்டிடா பற்றிக்கொள்வது அந்தப் படிவைத்தான். பற்றுவதற்கு அதன் மேற்பரப்பில் ஏஎல்எஸ்1 என்ற புரதம் உண்டு. இழைகளாக நீள்வதற்கு இஎஃப்ஜி1 என்ற மரபணு வேண்டும். இவை இல்லாத திரிபுகள் குழாய் வைத்த சுண்டெலியில் திணறுகின்றன. என்டரோகாக்கஸ் பாக்டீரியாவும் வேறொரு புரதத்தை வைத்து இதே ஃபைப்ரினோஜனைத்தான் பிடிக்கிறது. ஆக, நோயில் பாதி குழாய் செய்த வேலை. உங்கள் முதல் குழுவில் கண்ட அழற்சியில் குழாயின் பங்கு எவ்வளவு, பூஞ்சையின் பங்கு எவ்வளவு? உங்களால் சொல்ல முடியாது.

குறைப்பு என்ற வாதத்துக்கு வருகிறேன். விலங்குச் சோதனை நெறிகளை வகுத்த ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் மாற்று, குறைப்பு, செம்மை என்று மூன்றும் சொன்னது ஒப்பீட்டுக் குழுவை வெட்டுவதற்காக அல்ல. ஐந்தாறு சுண்டெலிகளை மிச்சம் பிடித்து, மற்ற அத்தனையையும் வீணாக்கியிருக்கிறீர்கள். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் முதல் சோதனையில் நானும் இருபது சுண்டெலிகளை இப்படித்தான் பாழாக்கினேன். அந்தக் குழுவை மட்டும் பிறகு தனியாகச் செய்து ஒட்டவைக்கவும் முடியாது. மூன்று குழுக்களையும் ஒரே நாளில், ஒரே கையால் செய்யுங்கள்.

கே: குழாயில் பூஞ்சைப் படலம் தடிமனாகத் தெரிகிறது. வளர்ப்புத் தட்டில் காலனிகளோ (செல்கள் பெருகி உண்டாகும் புள்ளிகள்) குறைவு. ஏன்?

இழைகள் சிக்கிக்கொண்ட கட்டி ஒன்று எத்தனை செல்களைச் சுமந்தாலும் தட்டில் ஒரே காலனிதான். மீயொலியில் வைத்து, நன்றாகக் குலுக்கிப் பிரியுங்கள்; நுண்ணோக்கியிலும் பாருங்கள். வெறுங்குழாயையும் அதே தட்டில் பரப்பினீர்களா?

கே: கதீட்டர் வைத்த என் அம்மாவுக்குச் சிறுநீரில் கேண்டிடா என்று அறிக்கை. காய்ச்சல், எரிச்சல் இல்லை. சுண்டெலியைக் குணப்படுத்திய மருந்தைச் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். அறிகுறி இல்லாதபோது பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. முடிந்தால் குழாயை எடுப்பதுதான் முதல் வேலை. வெள்ளணுக்கள் மிகவும் குறைந்தவர்கள், சிறுநீர்ப்பாதை அறுவைக்குப் போகிறவர்கள் கதை வேறு. இதை அம்மாவின் மருத்துவரிடம் கேளுங்கள். கடையில் நீங்களாகவே ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை வாங்காதீர்கள்.

கே: நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வருவதற்குள் இரண்டு சுண்டெலியில் பழகிப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. வேறு சோதனையில் ஏற்கெனவே இறந்த உடல்களில் பழகுங்கள். சாயம் கலந்த நீர், 50 மைக்ரோலிட்டர். சாயம் சிறுநீரகத்தில் தெரிந்தால், மறுபடியும் கட்டைவிரல்தான்.