போட்டோவும் பதிவேடும் போதுமா?

கேள்வி: நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து மூன்றாவது, நான்காவது படிக்கிற பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு நடத்துகிறோம். வாடகைக்கும் நோட்டுக்கும் பணம் கொடுப்பவர், பலன் இருக்கிறதா என்று மதிப்பீடு செய்து காட்டச் சொல்கிறார். வருகைப் பதிவேடு, போட்டோ, பெற்றோர் எழுதிக் கொடுத்த பாராட்டு எல்லாம் இருக்கிறது. போதாதா?
- ஒரு வாசகி, வியாசர்பாடி, சென்னை

பதில்: போதாதும்மா. பிள்ளைகள் வந்தார்கள் என்று பதிவேடு சொல்லும், வந்த பிள்ளைக்கு வாசிக்க வந்ததா என்று சொல்லாது. பாராட்டும் அப்படித்தான், காசு வாங்காமல் பாடம் சொல்லித் தருகிற அக்காவிடம் யார் குறை சொல்வார்கள்?

முதலில் பணம் கொடுப்பவரிடம் கேளுங்கள், முடிவு தெரிந்ததும் என்ன செய்வதாக இருக்கிறார் என்று. இன்னொரு வகுப்பு தொடங்கவா, இதையே திருத்தவா, நிறுத்தவா? அது தெரியாமல் இறங்கினால் பக்கம் பக்கமாகப் படிவம் நிரப்பி பீரோவில் வைப்பதோடு சரி.

அப்புறம், ஜூனில் பிள்ளை எந்த நிலையில் இருந்தது என்று குறித்து வைக்காமல் மார்ச்சில் மட்டும் சோதித்துப் பிரயோஜனம் இல்லை. இரண்டாம் வகுப்புத் தரத்தில், உங்கள் வகுப்பில் பழகாத ஒரு பத்தியைக் கொடுத்துத் தனித்தனியாக வாசிக்க வையுங்கள். எழுத்து, சொல், வாக்கியம், பத்தி, இதில் எதுவரை தடுமாறாமல் வருகிறது என்று குறித்தால் போதும். பாடம் எடுப்பவரே சோதிக்க வேண்டாம். பிள்ளை திணறும்போது முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்காமல் அவரால் இருக்க முடியாது.

முன்னேற்றம் தெரிந்தாலும் முழுக்க உங்களால் வந்தது என்று சொல்லிவிட முடியாது, பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுக்கிறதே. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் நம் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யைப் பாருங்கள், அதுவும் தன்னார்வலர்கள் நடத்திய சாயங்கால வகுப்புதான். ஆய்வாளர்கள் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் சோதித்ததில், பள்ளி திறந்து 6 மாதத்துக்குள், விட்டுப்போன படிப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் இந்தத் திட்டத்தின் பங்கு சுமார் 24 சதவீதம். ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் மொத்தப் பெருமையையும் திட்டத்துக்கே கொடுத்திருப்போம், இல்லையா? என்னைக் கேட்டால் 24 சதவீதமே பெரிய விஷயம், அது நம்பக்கூடிய எண்ணும்கூட.

உங்களிடம் இடத்துக்கு மேல் பிள்ளைகள் கேட்டு வந்தால் சீட்டுக் குலுக்கிச் சேருங்கள். இடம் கிடைக்காத பிள்ளைகளையும் ஜூனிலும் மார்ச்சிலும் சோதியுங்கள், அதுதான் நியாயமான ஒப்பீடு. சேராத பிள்ளைகள் யாரையாவது பிடித்து ஒப்பிட்டால் தப்பாகப் போகும், அக்கறையுள்ள பெற்றோர்தான் முதலில் வந்து சேர்த்திருப்பார்கள்.

எல்லோரும் கோட்டைவிடுகிற இடம், நடுவில் நின்றுபோன பிள்ளைகள். வீடு மாறிப் பெரும்பாக்கம் போன பிள்ளை, தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்ற பெண், ஒன்றும் புரியாமல் வெட்கப்பட்டு வராமல் போன பையன், இவர்களை விட்டுவிட்டு மார்ச் வரை தாக்குப்பிடித்தவர்களை மட்டும் சோதித்தால் எந்த வகுப்பும் நன்றாகத்தான் தெரியும். நின்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சோதியுங்கள், ஏன் நின்றார்கள் என்றும் கேளுங்கள். ஆறு மணி வகுப்பை ஐந்துக்கு மாற்றினாலே பாதிப் பேர் திரும்பி வரக்கூடும், அதை எந்தப் பதிவேடும் உங்களுக்குச் சொல்லாது.