என்கிளெக்ஸ் முடிவு வரும் முன்பே நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் பி.எஸ்.என். (நர்சிங் இளங்கலைப் பட்டம்) முடித்திருக்கிறேன். இந்த வாரம்தான் ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸுக்கான தேர்வான என்கிளெக்ஸ்-ஆர்என் எழுதினேன்; முடிவு வரவில்லை. லைசென்ஸ் வந்த பிறகு விண்ணப்பித்தால் போதும் என்கிறார்கள் வீட்டில். நான் அனுப்பிய இரண்டு விண்ணப்பங்களும் அனுப்பிய சில நிமிடங்களிலேயே நிராகரிக்கப்பட்டன. காத்திருப்பதா, தொடர்வதா? ரெஸ்யூமேயில் லைசென்ஸ் பற்றி என்ன எழுதுவது?

பதில்: காத்திருக்காதீர்கள். புதிதாகப் படித்து வருபவர்களை மருத்துவமனைகள் பெரும்பாலும் நர்ஸ் ரெசிடென்சி (புதியவர்களுக்கான பயிற்சியோடு கூடிய வேலை) வழியாகத்தான் எடுக்கின்றன. வருடத்தில் சில முறை மட்டும், ஒரு குழுவாக. விண்ணப்பம் திறந்திருப்பது சில வாரங்கள். பணி தொடங்குவது அதற்குச் சில மாதங்கள் கழித்து. லைசென்ஸ் வரட்டும் என்று உட்கார்ந்தால் ஒரு குழுவே கைநழுவிப் போகும். அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள்: இப்படிப்பட்ட இடங்களில் லைசென்ஸ் பெரும்பாலும் பணியில் சேரும் தேதிக்குத்தான் கேட்கப்படுகிறது, விண்ணப்பிக்கும் தேதிக்கு அல்ல.

சில நிமிடங்களில் வந்த நிராகரிப்பை மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் ரெஸ்யூமேயை அதற்குள் யாரும் படித்திருக்க வாய்ப்பில்லை. ‘தற்போது ஆர்என் லைசென்ஸ் உள்ளதா?’, ‘ஓராண்டு அனுபவம் உள்ளதா?’ போன்ற கேள்விகளுக்கு ‘இல்லை’ என்றதும் விண்ணப்பத்தை ஒதுக்கும்படி மென்பொருளை அமைத்திருப்பார்கள். அதற்காக ‘ஆம்’ என்று மட்டும் குறித்துவிடாதீர்கள். பொய்த் தகவல் தந்ததாகப் பின்னால் தெரிந்தால் சேர்ந்த வேலையும் போகும். லைசென்ஸ் இல்லாமல் ஆர்என் என்று சொல்லிக்கொள்வது மாநில நர்சிங் சட்டப்படியே குற்றம். லைசென்ஸ் தரவேண்டிய மாநில நர்சிங் போர்டே உங்களைக் கேள்வி கேட்கும் நிலை வரும். ‘நியூ கிராட்’, ‘ஆர்என் ரெசிடென்ட்’, ‘கிராஜுவேட் நர்ஸ்’ என்று தலைப்பிட்ட இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். அப்படித் தலைப்பு இல்லாத, ஆனால் உங்களுக்குப் பொருத்தமான இடம் என்றால், அறிவிப்பு எண்ணைக் குறிப்பிட்டு நர்ஸ் ரெக்ரூட்டருக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: பட்டம், தேர்வு எழுதிய தேதி, எந்த மாநில லைசென்ஸ், எப்போது சேர முடியும். அவ்வளவு போதும்.

இனி ரெஸ்யூமே. பெயருக்குப் பின்னால் ‘பி.எஸ்.என்.’ போடலாம், அது நீங்கள் வாங்கிய பட்டம். ‘ஆர்என்’ போடக்கூடாது. லைசென்ஸ் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: ‘ஆர்என் லைசென்ஸ் பெண்டிங்’, பக்கத்தில் மாநிலத்தின் பெயர், என்கிளெக்ஸ்-ஆர்என் எழுதிய தேதி. பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) சான்றிதழை அடுத்த வரியில் காலாவதித் தேதியோடு எழுதுங்கள். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் தரும் பி.எல்.எஸ். இரண்டு ஆண்டுகளே செல்லும். படிப்பின் தொடக்கத்தில் எடுத்தது என்றால் இப்போது காலாவதியாகியிருக்கும், பாருங்கள்.

கிளினிக்கல் அனுபவத்தைத்தான் பலர் வீணடிக்கிறார்கள். ‘மெட்-சர்ஜ் (பொது மருத்துவ, அறுவைப் பிரிவு), ஐ.சி.யூ., பிரசவப் பிரிவு ஆகியவற்றில் பயிற்சி பெற்றேன்’ என்ற வரி எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். அதை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. கடைசி செமஸ்டர் பிரிசெப்டர்ஷிப்பை, அதாவது அனுபவமுள்ள ஒரு நர்ஸின் (பிரிசெப்டர்) கீழ் பெற்ற பயிற்சியை, முதலில் வையுங்கள். எந்தப் பிரிவு, எத்தனை படுக்கை, மொத்தம் எத்தனை மணி நேரம், பிரிசெப்டர் மேற்பார்வையில் ஒரு ஷிஃப்டில் எத்தனை நோயாளிகளைப் பார்த்தீர்கள், எந்த மென்பொருளில் சார்ட்டிங் (நோயாளி பதிவு) செய்தீர்கள் என்று எழுதுங்கள். ‘32 படுக்கை டெலிமெட்ரி (இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும்) பிரிவு, 144 மணி நேரம், ஷிஃப்டுக்கு 3 முதல் 4 நோயாளிகள், எபிக் (மென்பொருளின் பெயர்)’ என்ற மாதிரி வரியைப் படிக்கும் மேனேஜருக்கு, உங்களை எந்த இடத்திலிருந்து பழக்க வேண்டும் என்பது உடனே புரியும். ஒரு பக்கம் தாண்ட வேண்டாம்.

தேர்வு முடிவு எப்படி வரும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் நிச்சயம் கேட்பார்கள். அதிகாரபூர்வ முடிவை மாநில போர்டுதான் தரும். ஆறு வாரம் வரை ஆகலாம். பல மாநிலங்களில் ‘குவிக் ரிசல்ட்’ வசதி உண்டு. இரண்டு வேலை நாட்கள் கழித்து, 7.95 டாலர் கட்டி, தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் தளத்தில் பார்க்கலாம். ஆனால் அது அதிகாரபூர்வமற்றது, அதை வைத்து நர்ஸாகப் பணி செய்ய முடியாது. நர்சிஸ் (நர்ஸ் லைசென்ஸ்களைச் சரிபார்க்கும் தளம்) தளத்திலோ உங்கள் போர்டின் தளத்திலோ பெயரும் லைசென்ஸ் எண்ணும் வந்துவிட்டால்தான் கணக்கு. தேர்வில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள்; 85-இல் கணினி நின்றதா, 150 வரை போனதா என்பதை வைத்து மட்டும் முடிவைக் கணிக்க முடியாது. மறுபடி தேர்வுக்குப் பதிவு செய்வதுபோல் கார்டு எண்ணைப் போட்டு, தளம் ஏற்கிறதா மறுக்கிறதா என்று பார்க்கும் தந்திரம் மாணவர்களிடையே சுற்றுகிறது. செய்யாதீர்கள், நம்பகமானது அல்ல, 200 டாலர் கட்டணமும் போய்விடக்கூடும்.

கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் புதிய பட்டதாரிகளுக்குத் தற்காலிக அனுமதி தருகின்றன. ஆர்என் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்யலாம். தேர்வில் தவறினால் அந்த அனுமதி செல்லாது. பொதுவாக இது தேர்வுக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டியது, ஆகவே உங்களுக்குக் காலம் கடந்திருக்கலாம். போர்டின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடைப்பட்ட காலத்தில் பேஷன்ட் கேர் டெக்னீஷியனாக (நர்ஸுக்கு உதவும் பணியாளர்) சேர்வது நல்ல யோசனைதான். அதே மருத்துவமனையில் ஆர்என் இடத்துக்கு வழி கிடைக்கும். ஆனால் லைசென்ஸ் வந்த மறுநாளே மருந்து கொடுக்கப் போய்விடாதீர்கள். பணி மாற்ற உத்தரவு வரும்வரை நீங்கள் டெக்னீஷியன்தான்.

வேறு மாநிலத்தில் விண்ணப்பிக்கும் முன், வருவது எந்த வகை லைசென்ஸ் என்று பாருங்கள். காம்பாக்ட் மாநிலத்தில் (ஒன்றின் லைசென்ஸை மற்றொன்று ஏற்கும் ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலம்) நிரந்தர முகவரி இருந்தால் மல்டிஸ்டேட் லைசென்ஸ் கிடைக்கும், மற்ற காம்பாக்ட் மாநிலங்களிலும் செல்லும். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் சேரவில்லை. அங்கே போக எண்டார்ஸ்மென்ட் (இருக்கும் லைசென்ஸை வைத்து அந்த மாநில லைசென்ஸ்) வாங்க வேண்டும், அதற்கும் நாளாகும். எஃப்-1 மாணவர் விசாவில் ஓ.பி.டி.யில் (படிப்புக்குப் பின் வேலை செய்ய அனுமதி) இருப்பவர்கள் இன்னொரு கணக்கும் வைத்திருக்க வேண்டும்: வேலையில்லா நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக்கூடாது. லைசென்ஸுக்காகக் காத்திருக்கும் நாட்களும் அதில் அடக்கம்.

நம்மவர்களுக்கே வரும் சிக்கல் ஒன்று, பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல், பட்டத்தில் அப்பா பெயர், சோஷியல் செக்யூரிட்டி கார்டில் முன்பின் மாறிய வரிசை. பின்னணிச் சோதனையும் லைசென்ஸும் இங்கேதான் சிக்கி நிற்கும். எல்லா ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இப்போதே போர்டுக்கு எழுதிக் கேளுங்கள். தடுப்பூசி, டைட்டர் (நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), காசநோய்ச் சோதனைப் பதிவுகளைக் கல்லூரித் தளத்திலிருந்து உடனே இறக்கி வையுங்கள். படிப்பு முடிந்தபின் அந்தக் கணக்கு மூடப்படுவது வழக்கம். பரிந்துரை தரக்கூடிய கிளினிக்கல் ஆசிரியர், பிரிசெப்டர் இருவரிடமும் இந்த வாரமே சம்மதம் கேளுங்கள்.

ஆஃபர் வந்தால் சம்பளத்துக்கு முன் கேட்க வேண்டியவை: ஓரியன்டேஷன் (தொடக்கப் பயிற்சி) எத்தனை வாரம், ஒரே பிரிசெப்டரா, தனியாக விடும்போது எத்தனை நோயாளிகள், முதல் முறை தேர்வில் தவறினால் இடம் என்ன ஆகும். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அடுத்த குழுவுக்கு மாற்றித் தரும் மருத்துவமனைகளும் உண்டு, ஆஃபரையே திரும்பப் பெறுபவையும் உண்டு. மெட்-சர்ஜில் இரண்டு மூன்று வாரத்தில் தனியாக விடுகிறோம் என்றால் தவிர்த்துவிடுங்கள். அது உங்களுக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து. சைன்-ஆன் போனஸ் (வேலையில் சேர்வதற்காகத் தரும் தொகை) இருந்தால் ஒப்பந்தக் காலத்துக்கு முன் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், வேலை செய்த மாதங்களைக் கழிப்பார்களா என்று எழுத்தில் பாருங்கள். கைக்கு வருவது வரி போக மீதி. திருப்பிக் கேட்கும்போது பல ஒப்பந்தங்கள் முழுத் தொகையையும் கேட்கும்.

ஒருவேளை தேர்ச்சி இல்லையென்றால், அன்றே ரெக்ரூட்டருக்குத் தெரியப்படுத்துங்கள். மறுபடி எழுத குறைந்தது 45 நாள் இடைவெளி. எந்தப் பகுதியில் தேர்ச்சி அளவுக்குக் கீழே, எதில் அருகே, எதில் மேலே என்று காட்டும் அறிக்கை உங்களுக்கு வரும். கீழே என்று வந்த பகுதிகளை முதலில் படியுங்கள். அடுத்த தேர்வுத் தேதி உறுதியானதும் அதையும் ரெக்ரூட்டருக்கு எழுதுங்கள்.