நரம்பு டெஸ்ட்ல ஷாக் வைப்பாங்களா?

கேள்வி: ராத்திரியில கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் மரத்துப்போகுது, கிளினிக்ல நரம்பு டெஸ்ட் எழுதிக் குடுத்திருக்காங்க, ஷாக் வைப்பாங்களாமே, பயமா இருக்கு டாக்டர்.

பதில்: பயம் வர்றது சகஜம்தாம்மா. தோல்மேல ஸ்டிக்கர் மாதிரி எலக்ட்ரோடு ஒட்டி, மணிக்கட்டுல சுள்ளுன்னு சின்னதா கரண்ட் குடுப்பாங்க, விரல் தானா துள்ளும், சிக்னல் எத்தனை மில்லிசெகண்ட்ல போய்ச் சேருதுன்னு மெஷின் அளக்கும், மணிக்கட்டுல நரம்பு அமுங்கியிருந்தா அந்த இடத்துல லேட்டாகும். கை ஜில்லுன்னு இருந்தாலே வேகம் கம்மியா காட்டும், அதனால கையைச் சூடுபடுத்திட்டு எடுக்கச் சொல்லுங்க, இது ரொம்ப முக்கியம். தேவைப்பட்டாதான் தசையில மெல்லிசா ஒரு ஊசி, அதுல கரண்ட் வராது. அன்னைக்கு எண்ணெய், க்ரீம் தடவாதீங்க. பேஸ்மேக்கர் இருந்தாலோ, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முன்னாடியே சொல்லிடுங்கம்மா.