நடப்பவர்களுக்காகவும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்காகவும் வேலை செய்வதை வாழ்க்கைத் தொழிலாக எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியும். புதுச்சேரியில் பல வருடங்களாக நான் செய்துவருவது இதைத்தான். பேரணி, டி-ஷர்ட், ஞாயிற்றுக்கிழமைப் புகைப்படம் எல்லாம் இதில் உண்டு, தேவையும்கூட. ஆனால் அவற்றை மட்டும் நம்பி வந்தால் ஆறே மாதத்தில் சலித்துவிடும்.

யாருக்காக வேலை செய்கிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். ஜனங்களை சைக்கிளுக்கு மாற்ற வேண்டும் என்று பலர் பேசுகிறார்கள். விடிகாலையில் பெரிய மார்க்கெட் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கேரியரில் வாழை இலைக்கட்டு, ஹேண்டில்பாரில் இருபக்கமும் பை, பின்னால் டீ கேன், இரவு டியூட்டி முடித்து முதலியார்பேட்டைக்குத் திரும்பும் வாட்ச்மேன். இவர்களை யாரும் மாற்ற வேண்டியதில்லை. கையில் காசு சேர்ந்தால் டிவிஎஸ் எக்ஸெல் வாங்கிவிடுவார்கள், அவ்வளவு பயத்தோடுதான் தினமும் ஓட்டுகிறார்கள். அவர்கள் பயமில்லாமல் ஓட்டும்படி சாலையை மாற்றுவதுதான் என் முதல் வேலை என்று நம்புகிறேன். புதிதாக சைக்கிள் வாங்குபவர்கள் தானாக வருவார்கள்.

அப்புறம், இந்த வேலைக்கான ஆயுதம் அளவு நாடாதான். எங்கள் பகுதியில் மழைநீர் வடிகாலின் மேல் சிலாப் போட்டு அதையே நடைபாதை என்பார்கள். வடிகாலுக்கு வேண்டிய உயரத்தில் கட்டுவதால் அது ரோட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் அடி எழும்பி நிற்கும். வீட்டுக்கு வீடு வண்டி ஏற்றச் சரிவு வெட்டியிருப்பார்கள். நடப்பவர் ஏறி, இறங்கி, மறுபடி ஏற வேண்டும். கூடையில் கீரை விற்கும் ஒரு பாட்டியோடு ஒருநாள் அந்த வழியே நடந்தேன். மூன்றாவது வீட்டிலேயே ரோட்டில் இறங்கிவிட்டார். "ஏம்மா, இது நமக்குக் கட்டுனதா, கடைக்குப் படி கட்டுனதா?" என்று கேட்டார்.

ஐஆர்சி 103 என்ற இந்தியச் சாலை வழிகாட்டி, நடைபாதை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஜே.இ.யை, அதாவது வேலையை மேற்பார்க்கும் ஜூனியர் இன்ஜினியரை, பார்க்கப் போனோம். "மேடம், டிராயிங்ல இப்படித்தான் இருக்கு, நான் என்ன பண்ண?" என்றார். அவர் சொன்னது நியாயம். டிராயிங் போடுகிற இடத்துக்கே போனோம். அலைச்சல் அதிகம்தான். ஆனால் அடுத்த தெருவில் பள்ளிக்கூட வாசலிலும் கடக்கும் இடங்களிலும் மட்டத்தை இறக்கினார்கள். பாட்டி இப்போது அங்கே மேலேயே நடக்கிறார்.

வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயப்படுவார்கள். அவர்களோடு சண்டை போடாதீர்கள். நம் ஊரிலேயே பதில் இருக்கிறது: பீச் ரோட்டில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிக்கு அனுமதியில்லை. அந்த நேரத்தில் அங்கே சேரும் கூட்டத்தையும் சுண்டல், ஐஸ்கிரீம் விற்பனையையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொள்கை அளவில் பேச சென்னையைக் காட்டலாம். மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று அங்கே மாநகராட்சி 2014-இல் ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்பது அதன் இலக்கு. 2019-இல் அங்கே தி.நகரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் வந்தபோது இப்படியும் செய்யலாம் என்று அதிகாரிகளிடம் கையைக் காட்ட ஓர் இடம் கிடைத்தது.

சம்பளம்? ஆரம்பத்தில் குறைவு, அதை மறைக்க மாட்டேன். தொண்டு நிறுவனங்கள், போக்குவரத்து ஆலோசனை நிறுவனங்கள், நகராட்சித் திட்டங்களில் ஒப்பந்த வேலை என்று வழிகள் உண்டு. நகரமைப்புப் பட்டம் இருந்தால் கதவு சீக்கிரம் திறக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. பட்டம் இல்லாமலும் வரலாம், ஆனால் எஸ்டிமேட்டும் டிராயிங்கும் படிக்கக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போதே தொடங்க விரும்பினால், உங்கள் வீட்டிலிருந்து பக்கத்துப் பள்ளி வரை உள்ள ஒரே ஒரு தெருவை அளந்து படம் எடுங்கள். நகராட்சியா, கம்யூன் பஞ்சாயத்தா, பொதுப்பணித் துறையா, அந்தத் தெரு யார் கையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். அங்கே எஸ்டிமேட் போடுவதற்கு முன்பே மனுவைக் கொண்டுபோய்க் கொடுங்கள். டெண்டர் விட்டுவிட்டால் மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.