ஃபுளோரிடா வீட்டுக்குப் புயல் தாங்கும் ஜன்னல், கதவு: கேள்வி பதில்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை இங்கே புயல் காலம். ஜன்னல் மாற்றுவது பற்றி நம்மவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் இந்தத் தொழிலிலேயே இருப்பதால் எந்த நிறுவனத்தையும் பரிந்துரைக்க மாட்டேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

டாம்பா: அண்ணா, விற்க வந்தவர் "ஹரிக்கேன் கிளாஸ், உடையவே உடையாது" என்கிறார். எங்கள் வீட்டில் ஏற்கெனவே டெம்பர்டு கிளாஸ் இருக்கிறது. அது போதாதா?

போதாது. டெம்பர்டு கிளாஸ் பலமானதுதான். ஆனால் பறந்து வரும் ஓடோ கட்டையோ பட்டால் பொடிப்பொடியாகக் கொட்டி, அந்த இடமே காலியாகிவிடும். அவர் ஹரிக்கேன் கிளாஸ் என்று சொல்வது இம்பாக்ட் கிளாஸ். அதுவும் உடையும். அதில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒன்று உண்டு, காரின் முன் கண்ணாடியில் இருப்பது மாதிரி. விரிசல் விட்டாலும் ஃபிரேமை விட்டு நகராது. நமக்கு வேண்டியது அதுதான்.

சோதனை எப்படி என்று தெரிந்துகொண்டால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது புரியும். 9 பவுண்டு எடையுள்ள மரக்கட்டையைக் காற்று பீரங்கியில் வைத்து, வினாடிக்கு 50 அடி வேகத்தில் ஜன்னல் மேல் அடிக்கிறார்கள். நடுவில் ஒரு தடவை, மூலையில் ஒரு தடவை. அதோடு விடுவதில்லை. விரிசல் விட்ட அதே ஜன்னலை உள்ளும் வெளியுமாக 9,000 தடவை காற்றழுத்தத்தால் தள்ளி இழுக்கிறார்கள். படலம் கிழிந்து பெரிதாக வாய் பிளக்கக் கூடாது. 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியைச் சிதைத்த பிறகு வந்த விதிகள் இவை.

மயாமி: கொட்டேஷனில் நிறைய எண்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது, சார்?

நீங்கள் இருக்கும் மயாமி-டேட், பக்கத்து பிரோவர்ட், இந்த இரண்டு கவுன்டிகளுக்கும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) விதிகள் மற்ற இடங்களைவிடக் கடுமை. ஜன்னலின் என்ஓஏ எண்ணை, அதாவது மயாமி-டேட் கவுன்டி கொடுக்கும் ஒப்புதல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மற்ற ஊர்க்காரர்கள் 'எஃப்எல்' என்று தொடங்கும் மாநில ஒப்புதல் எண்ணைக் கேட்கலாம். இரண்டையும் அரசு இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எண் தரத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

அந்த ஒப்புதலில் டிசைன் பிரஷர் என்று +50/-60 மாதிரி இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது காற்று உள்ளே தள்ளுவது, இரண்டாவது வெளியே உறிஞ்சுவது, சதுர அடிக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கில். வீட்டின் மூலைகளில்தான் உறிஞ்சல் அதிகம். அதனால் ஹால் நடுச்சுவருக்குச் சரியாக இருக்கும் மாடல் மூலை படுக்கையறைக்குப் போதாமல் போகலாம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் எவ்வளவு தேவை என்பது பெர்மிட் காகிதத்தில் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். அளவையும் பாருங்கள். 4 அடிக்கு ஒப்புதல் வாங்கிய மாடலை 6 அடிக்குப் போட முடியாது.

நேப்பிள்ஸ்: பட்ஜெட் இடிக்கிறது. இந்த வருடம் முன்பக்க ஜன்னல்கள், அடுத்த வருடம் பின்பக்கம் என்று செய்யலாமா?

செய்யலாம். ஆனால் முதல் செலவு ஜன்னலுக்கு வேண்டாம், கராஜ் கதவுக்குச் செய்யுங்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இரண்டு கார் கராஜ் கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம் என்று வையுங்கள். 112 சதுர அடி. சதுர அடிக்கு 40 பவுண்டு அழுத்தம் வந்தாலே மொத்தம் 4,480 பவுண்டு, அதாவது இரண்டு டன்னுக்கு மேல். அதைத் தாங்குவது மெல்லிய தகடும், ஓரத்தில் சில உருளைகளும்தான். அது உள்ளே மடங்கினால் காற்று வீட்டுக்குள் புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே காற்று ஏற்கெனவே கூரையை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் கூரை நிற்காது. கதவின் உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கிறதா, அதில் அழுத்த எண் இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, இன்ஷூரன்ஸ் தள்ளுபடி. கண்ணாடி உள்ள எல்லாத் திறப்புகளும் பாதுகாக்கப்பட்டிருந்தால்தான் முழுத் தள்ளுபடி. ஒரே ஒரு குளியலறை ஜன்னலை விட்டுவிட்டாலும் அந்தப் பலவீனத்தை வைத்தே கணக்குப் போடுவார்கள். 'மை சேஃப் ஃபுளோரிடா ஹோம்' என்ற மாநிலத் திட்டத்தில் நிதி திறந்திருந்தால் நீங்கள் போடும் 1 டாலருக்கு 2 டாலர், அதிகபட்சம் 10,000 டாலர் வரை கிடைக்கும். தகுதி வரம்புகள் உண்டு, வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பியுங்கள்.

ஒர்லாண்டோ: தம்பி, மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். எனக்கு வேதாரண்யம், கஜாவை நேரில் பார்த்தவள். இங்கே ஜன்னலில் டேப் ஒட்டு, ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை என்கிறார்கள். சரிதானா?

இரண்டும் வேண்டாம் அம்மா. டேப் ஒட்டினால் கண்ணாடி பெரிய பெரிய துண்டாக விழும், அது இன்னும் ஆபத்து. ஜன்னலைத் திறந்தால் மேலே சொன்ன கராஜ் கதைதான். எல்லாவற்றையும் சாத்துங்கள். உள் அறைக் கதவுகளையும் சாத்தி வைத்தால் கூரைக்கு வரும் அழுத்தம் குறையும். காற்று பலமானால் ஜன்னல் இல்லாத உள் அறையில் இருங்கள்.

ஃபோர்ட் மையர்ஸ்: இம்பாக்ட் ஜன்னல் கட்டுப்படியாகாது. ஷட்டர் போதுமா?

ஒப்புதல் பெற்ற ஷட்டர் தாராளமாகப் போதும். அலுமினியப் பலகை விலை குறைவு, ஆனால் ஒவ்வொன்றாகத் தூக்கி மாட்ட ஆள் வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் நம்மில் நிறைய. அப்போது யார் மாட்டுவது? அதனால் பக்கவாட்டில் இழுத்துப் பூட்டும் அக்கார்டியன் ஷட்டரைத்தான் நான் சொல்வேன். எதுவுமே இல்லாவிட்டால் 5/8 அங்குல பிளைவுட். ஆணி அடிக்காமல், போல்ட் போட்டு மாட்டுங்கள். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வெளியேற வழியில்லாமல் உட்காரக் கூடாது, உள்ளிருந்து திறக்கும்படி ஒரு வழி இருக்கட்டும்.

சரசோட்டா: புதிதாக இம்பாக்ட் கதவு போட்டும், 2024 மில்டன் புயலில் ஸ்லைடிங் கதவுக்கு அடியில் தண்ணீர் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா அண்ணா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. தண்ணீர் சோதனை டிசைன் பிரஷரின் 15 சதவீதம் வரைதான் நடக்கும். 50 எண்ணுள்ள கதவுக்கு அது 7.5 பவுண்டு, கிட்டத்தட்ட மணிக்கு 54 மைல் காற்று. அதற்கு மேல் காற்றடித்தால் கதவு நகரும் அடித்தடம் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் ஏறலாம், துண்டு போட்டுச் சமாளிக்க வேண்டியதுதான். அடுத்த முறை வாங்கும்போது அடிச்சட்டம் உயரமான மாடலாகக் கேளுங்கள்.

ஆனால் ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் தெரிந்தால் அது பொருத்தியவரின் குறை. அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

டாம்பா: முன்வாசலுக்கு இரட்டைக் கதவு ஆசை. பொருத்தும் நாளில் நான் என்ன கவனிக்க வேண்டும்?

வெளிப்பக்கம் திறக்கும் கதவாக எடுங்கள். காற்று தள்ளத் தள்ள அது ஃபிரேமோடு இறுகும். இரட்டைக் கதவில் சாதாரணமாகத் திறக்காத கதவின் மேல், கீழ் தாழ்ப்பாள்தான் பலவீனம். அது மரச்சட்டத்தோடு நிற்காமல் மேலே லின்டலிலும் கீழே கான்கிரீட்டிலும் இறங்குகிறதா பாருங்கள்.

பொருத்தும் நாளில் ஒப்புதல் வரைபடத்தை அச்செடுத்துக் கையில் வையுங்கள். எந்த ஸ்க்ரூ, எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, சுவருக்குள் எவ்வளவு ஆழம் என்று அதில் இருக்கும். சிலிக்கான் பூசி மூடும் முன் டேப்பை வைத்து நீங்களே அளந்து, போட்டோ எடுத்துவிடுங்கள். கவுன்டி இன்ஸ்பெக்டர் பார்த்து பெர்மிட்டை முடிக்கும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.